கராஜுக்கு இறங்கும் மூன்று படிகள்

அத்தியாயம் பதினான்கு

கான்கிரீட் லாரி அக்கரையில் வண்டிகளை ஏற்றிவரும் படகுக்காக நிற்கிறது என்று போன் வந்தபோது இங்குனின் வாயில் ரொட்டி இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"அடுத்த படகுல ஏறிடுவாங்களாம்," என்றாள் நாத்தனாரிடம்.

குன்வோர் தலையை மட்டும் ஆட்டினாள். ஜல்லியின் மேல் மண்டியிட்டு, கான்கிரீட்டுக்கு அணையாக நிறுத்திய பலகையின் மேல் விளிம்பில் மட்டம் காட்டும் லேசர் கோடு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் காலை. வெளிச்சம் அப்போதுதான் மலைக்கு மேலே வந்திருந்தது. புல்லில் வெள்ளையாக உறைபனி.

ஆகஸ்டில் மரச் சட்டங்கள் வந்து இறங்கி, ஒரே வாரத்தில் வீடு எழுந்து நின்றதையும், கூரையின் நிறத்துக்காக இங்குனும் கணவன் ஹல்வாரும் முகம் கொடுக்காமல் இருந்ததையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறந்துபோன மாமனார் ரெய்தார் பெரியவரின் பழைய வீட்டை விற்றாகிவிட்டது. இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை இடம். மகள் சிக்னே அங்கே அப்பா அம்மாவோடு ஒரே அறையில் தூங்குகிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் புது வீட்டுக்குப் போய்விட வேண்டும். மிச்சம் இருந்தது கராஜ்தான்.

வீடு நிற்பது சரிவில். பாறையை உடைத்து மட்டமாக்கிய இடத்தில் வீடு. அதை ஒட்டி, சரிவில் சற்றுக் கீழே கராஜ். வரைபடத்தில் கராஜின் தரை வீட்டுத் தரையைவிட அரை மீட்டர் தாழ்வு. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதவு, கதவைத் திறந்தால் கராஜுக்குள் இறங்க மூன்று படி. எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. சாலையிலிருந்து கார் ஏறுவது சுலபம். காரிலிருந்து உருகி வழியும் பனித் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராது. பெட்ரோல் நாற்றமும் வராது.

ஹல்வார் கப்பலுக்குக் கிளம்பிப் போன மறுநாள் இங்குன், குன்வோரின் பொக்லைன் நிற்கும் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

"அந்த மூணு படி வேணாம்," என்றாள். "கராஜ் தரைய வீட்டுத் தரைக்குத் தூக்கிடு."

"ஹல்வாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

குன்வோர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் முதல் லோடு ஜல்லி வந்து இறங்கியது.

ஹல்வார் வருவது நாளை மாலை. அதற்குள் கான்கிரீட் இறுகிவிடும். மேலே ஏறி நின்று கத்தினால் கத்தட்டும் என்பதுதான் இங்குனின் கணக்கு. அது நல்ல கணக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். ராத்திரிகளில் விழித்துக்கொண்டு அதையே யோசித்திருக்கிறாள். ஆனால் ஹல்வாரிடம் அதை நேராகப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அந்த ஒரு விஷயத்தை யாரும் பேசியதில்லை.

"இங்குன்," என்றாள் குன்வோர். குரல் மாறியிருந்தது. "கீழ பாரு."

பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருவன் ஏறி வந்துகொண்டிருந்தான். தோளில் கப்பல் பை.

"நாளைக்குன்னு சொன்னியே?"

"நாளைக்குன்னுதான் சொன்னான்."

குன்வோர் லேசரை அணைத்தாள். பிறகு, அதில் பயன் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி போட்டாள்.

*

ஹல்வார் பையைக் கீழே வைக்கவில்லை. பலகைகளைச் சுற்றி ஒருமுறை நடந்தான். கம்பி கட்டியிருந்ததைப் பார்த்தான். சுவருக்கும் ஜல்லிக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தான்.

"என்ன இது?"

"கராஜ்," என்றாள் குன்வோர்.

"நான் கட்டிட்டுப் போன மட்ட நூல் எங்க?"

"அவுத்துட்டேன். அது கீழ இருந்துச்சு."

அவன் ஜல்லியின் மேல் ஏறினான். நேராக நடந்து, கதவுக்காக விட்டிருந்த திறப்பின் வழியே வீட்டுக்குள் போனான். காலைத் தூக்கி வைக்கவே தேவைப்படவில்லை. உள்ளே போனவன் திரும்பி வந்து திறப்பில் நின்றான்.

"யார் சொன்னது?"

"நான்," என்றாள் இங்குன்.

"நான் இல்லாதப்ப."

"ஆமா. நீ இல்லாதப்ப."

அவன் அவளிடம் மேலே எதுவும் கேட்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினான். அவனுக்கு அதுதான் சுலபம். குன்வோரோடு அவன் சின்ன வயதிலிருந்தே சண்டை போட்டுப் பழகியவன்.

"சுவரோட அடிக்கட்டை மரம். அதுக்குப் பக்கத்துல கான்கிரீட்ட கொண்டுபோய் நிறுத்தற. அஞ்சு வருஷத்துல கட்டை இத்துப்போகும். ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் தள்ளி நிறுத்தியிருக்கேன். சுவரோரம் பூரா வாய்க்கா. தண்ணி அதுல விழுந்து வெளிய போயிடும். கதவுகிட்ட மட்டும் மேல இரும்புச் சல்லடை. தரையும் ரோட்டுப் பக்கம் சாயும்."

"தரை ஒசந்தா கூரையும் ஒசருமே?"

"கொஞ்சம் தட்டையா போடணும். சிக்னே ஜன்னலுக்குக் கீழ ஒரு கை அகலம் மிஞ்சும்."

"கார் எப்படி ஏறும்? ஜனவரியில ஐஸு மேல இந்த ஏத்தத்துல?"

"நேரா ஏறாது. பாறையச் சுத்தி வளைச்சுக் கொண்டுவரேன். வளைச்சா ஏத்தம் கொறையும்."

"பாறைக்கு அந்தப் பக்கம் என் படகு நிக்கப்போற எடம்."

"படகு கடல்ல நிக்கட்டும். அதுக்குத்தான் செஞ்சது."

வேறொரு நாளாக இருந்திருந்தால் ஹல்வார் சிரித்திருப்பான். இன்று அவன் முகத்தில் சிரிப்பு வரவே இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்கினான். குன்வோரின் பெரிய சுத்தியல் பலகையில் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து, சாலைப் பக்கத்துப் பலகையைத் தாங்கி நின்ற முளையை ஓங்கி அடித்தான். முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. அடுத்ததையும் அடித்தான். பலகை வெளியே சாய, ஜல்லி சரசரவென்று புல்லில் சரிந்தது.

இங்குன் ஓர் அடி முன்னால் வந்தாள். குன்வோர் கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

"இன்னும் எத்தனை பிடுங்கப்போற?" என்று தம்பியைக் கேட்டாள். கோபம் இல்லாத குரல். "எல்லாத்தையும்னா சொல்லு, நானும் ஒரு கை பிடிக்கிறேன். லாரி படகுல ஏறிடுச்சு."

ஹல்வார் சுத்தியலை ஜல்லியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான்.

*

சமையலறையாகப் போகிற இடத்தில் அவன் நின்றிருந்தான். சுவரில் இன்னும் சட்டங்கள்தான். புது மரத்தின் வாசனை. ஜன்னலை மூடியிருந்த பிளாஸ்டிக் காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்குக் கட்டற இந்த வீட்டை?" என்றான், அவள் வந்ததும்.

"நமக்கு."

"இல்ல. கதவெல்லாம் அகலமா இருக்கு. குளியலறைச் சுவருக்குள்ள தடிப் பலகை வெச்சு அடிச்சிருக்கு. பிடிச்சுக்கற கம்பி மாட்டறதுக்கு. தச்சன்கிட்ட நீ தனியாப் பேசினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். இப்ப கராஜ். ஒவ்வொண்ணா செஞ்சு செஞ்சு என்னை அதுல ஒக்கார வெக்கற."

"எதுல?"

"சக்கர நாற்காலியில."



ரெய்தார் பெரியவருக்கு வந்த வியாதி அந்தக் குடும்பத்து வியாதி. ஹண்டிங்டன் என்று பெயர். முதலில் கையும் காலும் தாமாக ஆடும். பிறகு நடை போகும். பேச்சு குழறும். கடைசியில் ஆளே வேறு ஆளாகிவிடுவார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஹல்வார் கொடுத்ததில்லை. தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சிக்னே பிறந்தபோதும் முடிந்ததாகவே இருந்தது.

"உங்கப்பாவ வாசப்படியில தூக்கி எறக்கினத நான் பாத்தேன் ஹல்வார்," என்றாள் இங்குன் கடைசியில். "ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் குன்வோர். டாக்டர்கிட்ட போகணும்னாலும் அப்படித்தான், கடலைப் பாக்கணும்னாலும் அப்படித்தான். ஒரு தடவை மழையில வழுக்கி மூணு பேரும் விழுந்தீங்க. அதுக்கப்புறம் அவரே வெளிய வேணாம்னுட்டார். ஜன்னல்கிட்டயே ஒக்காந்து போயிட்டார். அத நான் இன்னொரு தடவை பாக்க மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி. அப்ப ஏன் இன்னிக்கே வந்த?"

பிளாஸ்டிக் உப்பி அடங்கியது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"கேப்டன். ஸ்பேனர் கைய விட்டு நழுவிடுச்சு. மேல் தட்டுல நின்னு வேலை பாத்துட்டிருந்தேன். கீழ ஒருத்தன் நின்னான். தோள்பக்கமா போயி தரையில விழுந்துச்சு." பிளாஸ்டிக்கின் ஓரத்தைச் சட்டத்தோடு அழுத்தினான். "அதுக்கு முந்தின வாரமும் ஒரு தடவை விழுந்துச்சு. அத யாரும் பாக்கல. இத பாத்துட்டாங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வான்னு கேப்டன் சொன்னார். நல்ல மாதிரியாத்தான் சொன்னார்."

"ராத்திரி உன் கால் ஆடுது," என்றாள் இங்குன். "தூக்கத்துல. வசந்த காலத்துலேருந்து."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ முழிச்சிருக்கறதும் தெரியும்."

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. ஏற்றத்தில் அது உறுமிக்கொண்டு வரும் சத்தம் தரை வழியாகவே கேட்டது. இருவரும் அசையவில்லை.

"நீ நெனக்கறது சரின்னே வெச்சுக்கோ," என்றான் ஹல்வார். "வரத்தான் போகுதுன்னு வெச்சுக்கோ. அப்பவும் எனக்கு அந்த மூணு படி வேணும். அப்பதான் ரொம்ப வேணும்."

"புரியல."

"அப்பா வீட்டு நடையில ஒரு நீல அலமாரி இருந்துச்சே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெரிய அலமாரி. குறுகலான நடையில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்க வேண்டும். இவ்வளவு பெரிய சாமானை யாராவது இங்கே வைப்பார்களா என்று அவள் நினைத்ததுண்டு. கேட்டதில்லை.

"அதுக்குப் பின்னால ஒரு கதவு இருந்துச்சு. கராஜுக்குப் போற கதவு. படி கிடையாது. நீ இப்ப கேக்கற மாதிரியேதான், சமமா இருக்கும். நான் பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் படிச்சிட்டிருந்தேன். ஒரு நாள் விடியற நேரம், அம்மா தூங்கிட்டிருந்தா. அப்பா செருப்புகூடப் போடாம நேரா நடந்து போயி கார்ல ஒக்காந்துட்டார். அதுக்கு முன்னாடியே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. படகுத்துறை வரைக்கும் போயிருக்கார். பேக்கரியில வேலை பாக்கறாளே, ஆல்ஃப்ரிட். அவ சைக்கிள்ல வேலைக்குப் போயிட்டிருந்தா."

"ஆல்ஃப்ரிட்டோட இடுப்பு ஒடஞ்சது அதுலயா," என்றாள் இங்குன் மெதுவாக. "கார் பிரேக் பிடிக்கலன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க?"

"பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. அப்படிச் சொல்லணும்னு அம்மா சொன்னா. நாங்க ரெண்டு பேரும் அப்படியே சொன்னோம். ஊர்ல எத்தனை பேரு நம்பினாங்கன்னு தெரியாது. ஆல்ஃப்ரிட் நம்பல. இன்னிக்கும் ரொட்டி வாங்கப் போனா என் மொகத்த பாக்காம சில்லறையக் குடுக்கறா."

அவன் சட்டத்தில் சாய்ந்துகொண்டான்.

"மறுநாள் சித்தப்பா வந்து அந்தக் கதவப் பலகை வெச்சு அடிச்சு மூடிட்டார். முன்னால அலமாரிய நகத்தி வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் அப்பாவ வாசப்படி வழியா தூக்க வேண்டியதாப் போச்சு. நீ வந்தது அப்புறம். நீ பாத்தது அதத்தான்."

இங்குன் கீழே கிடந்த பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் அப்படி ஆனேன்னா காருக்குத்தான் போவேன், இங்குன். எனக்கு என்னைத் தெரியும். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். நம்ம ரோட்டுலதான் சிக்னே சைக்கிள்ல போறா. அவகூடப் படிக்கற பிள்ளைங்க எல்லாம் அந்த ரோட்டுலதான் போகுதுங்க. அந்தக் கதவத் திறந்ததும் நான் விழணும். மூணு படி இருந்தா விழுவேன். விழுந்தா சத்தம் கேக்கும். நீ எழுந்து வருவ. வரைபடக்காரன் கேட்டப்ப நான்தான் சொன்னேன், படி செங்குத்தா இருக்கட்டும்னு."

இத்தனை மாதமாக அவள் ஒவ்வொரு படியாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றொன்றாக வைத்துக்கொண்டிருந்தான். ஒரே படுக்கையில் இரண்டு பேரும் விழித்துக் கிடந்து, தூங்குவதுபோல் ஒருவரிடம் ஒருவர் பாசாங்கு செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"காரை வித்துடலாம்," என்றாள்.

"நான் விக்க விட மாட்டேன். அப்பா விட்டாரா?"

"சாவிய நான் வெச்சுக்கறேன்."

"நீ தூங்கறப்ப எடுத்துடுவேன்."

"அப்ப கதவ மூடிடறேன். உங்க சித்தப்பா செஞ்ச மாதிரி. பலகை அடிக்க ஒரு மத்தியானம் போதும். அலமாரி வேணும்னா அலமாரி வாங்கறேன். அதெல்லாம் அப்பப்ப செஞ்சுக்கலாம், மாத்திக்கலாம். தரைய அப்புறம் தூக்க முடியாது ஹல்வார். நீ விழற சத்தத்துக்காக நான் காத்துக்கிட்டு ஒரு வீட்டுல இருக்க மாட்டேன். அது மட்டும் என்னால முடியாது."

"முடியலன்னா?"

"முடியலன்னா இந்த வீட்டையே கட்ட வேணாம். சொல்லிடு. லாரிய திருப்பி அனுப்பிடறேன்."

அவள் அதை மெய்யாகத்தான் சொன்னாள். அவனுக்கும் அது புரிந்தது. அவன் தன் வலது கையைப் பார்த்தான். அது சும்மாதான் இருந்தது.

கதவுத் திறப்பில் குன்வோர் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"டிரைவர் ஆர்வித் லாரியோட நிக்கறான்," என்றாள். "படகுல வர்றதுலயே பாதி நேரம் போயிடுச்சாம். இனிமே வெச்சிருந்தா லாரிக்குள்ளயே கட்டியாயிடும்னு சொல்றான். எந்த ஒசரத்துக்கு ஊத்தணும்னு ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

சொல்ல வேண்டியதை இங்குன் சொல்லியாகிவிட்டது.

ஹல்வார் அக்காவைக் கடந்து வெளியே போனான். ஜல்லியில் கிடந்த சுத்தியலை எடுத்தான். சாய்ந்திருந்த பலகையை முழங்காலால் நிமிர்த்தினான்.

"அந்த முளையக் கொஞ்சம் பிடி," என்றான்.

*

குன்வோர் முளையைப் பிடித்தாள். சரிந்த ஜல்லியை இங்குன் மண்வாரியால் திரும்ப அள்ளிப் போட்டாள். ஆர்வித் லாரியிலிருந்து இறங்கி, இது தன் வேலை இல்லை என்பதுபோல் இங்குனின் பிளாஸ்கிலிருந்து தானே காபி ஊற்றிக்கொண்டான்.

ஹல்வார் ஓங்கி அடித்தான். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவது, முளையின் விளிம்பைத் தட்டிக்கொண்டு போனது.

"என் கைய அடிச்ச, கொன்னுடுவேன்," என்றாள் குன்வோர்.

"ஆடாமப் பிடி."

"ஆடறது நான் இல்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. மண்வாரியோடு இங்குன் அப்படியே நின்றாள். ஆர்வித் கோப்பைக்குள் பார்த்தான்.

ஹல்வார் அக்காவைப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிய ஒரு கணம் ஆனது. சத்தமில்லாத சிரிப்பு. குன்வோரும் சிரித்துவிட்டாள். முளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அடி," என்றாள்.

அவன் அடித்தான். நான்கைந்து அடியில் முளை இறங்கியது.

பிறகு யாருக்கும் பேச நேரம் இருக்கவில்லை. லாரியின் பின்னாலிருந்து தகரச் சரிவு நீண்டது. சாம்பல் நிறக் குழம்பு கம்பிகளின் மேல் விழுந்து பரவியது. குன்வோர் வாரியால் இழுத்து மூலைகளுக்குத் தள்ளினாள். ஹல்வார் நீளக் கட்டையின் ஒரு முனையையும் இங்குன் மறு முனையையும் பிடித்துக்கொண்டு மட்டம் இழுத்தார்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து, முட்டிவரை ஈரமாகி, ஒருவர் இழுக்கும் வேகத்துக்கு மற்றவர் இழுத்தார்கள். அவன் முனை இரண்டு தடவை தாழ்ந்தது. அவள் நிறுத்திக் காத்திருந்தாள். அவன் தூக்கிக்கொண்டதும் மறுபடி இழுத்தாள்.

வீட்டுத் திறப்பு வரை கான்கிரீட் வந்தபோது ஹல்வார் குனிந்து வாய்க்காலுக்காக விட்ட இடைவெளியைப் பார்த்தான். ஒரு சொட்டும் மரத்தின் பக்கம் போகவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றான் குன்வோரிடம்.

"படகு எடத்துக்காக நீ என்னைத் திட்டறது பாக்கி இருக்கு. மறந்துடாத."

"மறக்கல."

காலி லாரியை ஆர்வித் கழுவிவிட்டுக் கிளம்பினான். போகும்போது ராத்திரி உறைபனி விழும், போர்வை போட்டு மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சிக்னே பள்ளியிலிருந்து வரும் நேரமாகிக்கொண்டிருந்தது. மூவரும் கான்கிரீட்டின் ஓரத்தில் போட்ட பலகைகளில் மண்டியிட்டு, கரணையால் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கைகள் விறைத்துப்போயிருந்தன.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றான் ஹல்வார். யாரையும் பார்க்காமல் சொன்னான். "துறைமுகத்துலேருந்தே போன் பண்ணிட்டேன். மொதல்ல ஒக்கார வெச்சுப் பேசுவாங்களாம். அப்புறம்தான் ரத்தம் எடுப்பாங்க."

இங்குனின் கரணை நின்றது.

"நீ வருவியா?" என்றான்.

"வரேன்."

"சிக்னேகிட்ட இப்ப எதுவும் வேணாம்."

"வேணாம். இப்ப வேணாம்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தான். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி அவன் முகம் தளர்ந்திருந்தது. காலையில் மலையேறி வந்த முகம் இல்லை அது.

"குன்வோர், நீயும் வாயேன்," என்றான். "ரெண்டு பேரும் ஒண்ணா குடுத்துடலாம். சின்ன வயசுல பல் டாக்டர்கிட்ட போவோமே, அந்த மாதிரி. நீ மொதல்ல போ, நான் வெளிய நின்னு அழறேன்."

குன்வோர் மூலையில் இருந்தாள். ஏற்கனவே வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரல," என்றாள்.

"பயமா?"

"இல்ல. நான் போன வருஷமே குடுத்துட்டேன்."

ஹல்வாரின் கை அந்தரத்தில் நின்றது. இங்குன் நாத்தனாரைப் பார்த்தாள். கொட்டகையில் அன்று ஏன் என்று கேட்காமல் நின்ற அதே குன்வோர்தான். இப்போது அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"என்ன வந்துச்சு?" என்றான் ஹல்வார்.

அவள் திரும்பவில்லை. கரணையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"மொதல்ல உன் பக்கத்து ஓரத்த முடி," என்றாள். "காஞ்சிட்டிருக்கு."